பிவா ஏரிக்கரையில் சத்தமில்லாத சைக்கிள் சாலைகள்

ஒசாகாவில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். போன இலையுதிர் காலத்தில் ரோடு பைக்கில் பிவா ஏரியின் வடபகுதியை ஒரே நாளில் சுற்றி வந்தாராம். 150 கி.மீ. முடித்த திருப்தி இருந்தாலும், பாதி நேரம் தோளை உரசுகிற மாதிரி போன லாரிகள்தான் நினைவில் நிற்கின்றன என்கிறார். மே மாதம் நடுவில் கோவையிலிருந்து தம்பி வருகிறான், அவனுக்கு 60, 70 கி.மீ.க்கு மேல் பழக்கமில்லை, அமைதியான சாலையாகச் சொல்லுங்கள் என்பது கேள்வி.

நான் ஏரியின் தென்கரையில் குசாட்சுவில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளில்தான் இருப்பேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரியை முழுசாகச் சுற்றி முடிக்க வேண்டும் என்று கிளம்பினால் அமைதி கிடைக்காது. சுற்று என்றால் இரண்டு நல்ல துண்டுகளுக்கு நடுவே வரும் மோசமான துண்டையும் ஓட்டியே ஆக வேண்டும். சுற்றை மறந்துவிட்டு, நல்ல துண்டுகளை மட்டும் ஓட்டி, மோசமான இடங்களை ரயிலில் கடந்தால் இந்த ஏரி வேறு ஏரியாகத் தெரியும்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் சாலைகளின் குணம் புரியும். பிவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி, சுமார் 670 சதுர கி.மீ. ஷிகா மாகாணத்தின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். 1964ல் கட்டிய பிவாகோ பெரும்பாலம் ஏரியின் இடுப்பில் குறுக்கே போகிறது. பாலத்துக்குத் தெற்கே சின்ன ஏரி, ஊர்கள் நெருங்கிய பகுதி. வடக்கே பெரிய ஏரி. முழுச் சுற்று ஏறக்குறைய 200 கி.மீ., பாலத்தைக் கடந்து வடபகுதியை மட்டும் சுற்றினால் 150 கி.மீ. இந்தச் சுற்றுக்கு 'பிவாஇச்சி' என்று பெயர். 2019ல் ஜப்பான் அரசு முதன்முதலாகத் தேசிய சைக்கிள் பாதைகளை அறிவித்தபோது தேர்ந்தெடுத்த மூன்றில் இதுவும் ஒன்று.

அங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் ஏரி எப்போதும் உங்கள் இடது கைப்பக்கமே இருக்கும், குறுக்குச் சாலைகளும் குறைவு. துண்டு துண்டாக ஓட்டும்போதும் இந்தத் திசையை மாற்றாதீர்கள். கிழக்குக் கரையில் வடக்கு நோக்கி, வடக்குக் கரையில் மேற்கு நோக்கி, மேற்குக் கரையில் தெற்கு நோக்கி.

சாலை ஓரத்தில் நீல நிற அம்புக்குறிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை நம்பியே ஓட்டினீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அம்புகள் வண்டிகளோடு சேர்ந்து வேகமாக ஓட்டப் பழகியவர்களுக்கானவை. மெதுவாகப் போகிறவர்களுக்கு என்று கரையை ஒட்டித் தனிப் பாதையும் பல இடங்களில் உண்டு. பூங்காவுக்குள்ளும், மீன்பிடித் துறைகளின் பின்னாலும், பைன் மரங்களுக்கு நடுவிலும் வளைந்து வளைந்து போகும். வேகம் 15, 18ஐத் தாண்டாது, ஆனால் லாரி இல்லை. தம்பியோடு போகும்போது இரண்டு பாதையும் பிரிகிற இடத்தில் கரைப்பக்கம் திரும்புங்கள்.

அடுத்தது ரயில். இந்த ஏரி அமைதியாக ஓட்ட வசதியானது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணமே ரயில்தான். கிழக்கே பிவாகோ லைனும் அதன் தொடர்ச்சியான ஹொகுரிகு லைனும், மேற்கே கோசேய் லைன், இரண்டு பக்கமும் வடக்கு மூலையில் ஓமி ஷியோட்சு ஸ்டேஷனில் சேர்கின்றன. ஏரியைச் சுற்றி ரயில் வளையம் போட்டது போல. ஒசாகாவிலிருந்து மைபாரா ஒன்றரை மணி நேரத்துக்குள். சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை முழுவதும் மூடும் பையில் போட்டால் ஏற்றிக்கொள்ளலாம், தனிக் கட்டணம் இல்லை. இதற்கு 'ரின்கோ' என்று பெயர். கைப்பிடியோ சக்கரமோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விடமாட்டார்கள். வீட்டில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள். ஸ்டேஷன் வாசலில் முதல்முறை முயன்றால் அரை மணி நேரம் போய்விடும். கடைசிப் பெட்டியின் கோடியில் நின்றுகொள்வது மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாத இடம். தம்பிக்கு சைக்கிள் வேண்டுமே, மைபாரா ஸ்டேஷனிலும் மொரியாமாவிலும் நல்ல ரோடு பைக்குகளே வாடகைக்குக் கிடைக்கின்றன. உயரத்தைச் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

சரி, சாலைகளுக்கு வருவோம். என் மனசுக்கு முதலிடம் வடகிழக்கு மூலைக்கு. நாகஹாமாவுக்கு வடக்கே, தகாட்சுகியைச் சுற்றி விரிந்து கிடக்கும் வயல்வெளிச் சாலைகள். வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் உங்களைக் கரையோடு அனுப்பும். நீங்கள் இரண்டு மூன்று கி.மீ. உள்ளே தள்ளி ஓட்டுங்கள். கட்டம் போட்ட மாதிரி நெல் வயல், நடுவே கான்கிரீட் வாய்க்கால், அரை மைலுக்கு ஒரு கிராமம். சாலை ஒரு மினி டிரக் போகிற அகலம்தான். காலை எட்டு மணிக்கு எதிரே வருவது வயலுக்குப் போகிற பெரியவராகத்தான் இருக்கும், அவரே முதலில் தலை தாழ்த்தி வணக்கம் சொல்வார். ஷிகாவில் நடவு பெரும்பாலும் மே முதல் வாரத்து விடுமுறையில் முடிந்துவிடும். மே நடுவில் நீங்கள் போகும்போது பயிர் விரல் நீளம்தான் இருக்கும், மீதி எல்லாம் தண்ணீர். மலையும் மேகமும் வயலுக்குள் தலைகீழாகக் கிடக்கும். நடவு முடிந்த தஞ்சாவூர்ப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஈர மண் வாசனையை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கிராமங்களில் இன்னொரு விசேஷம், கண்ணோன் சிலைகள். அவலோகிதேஸ்வரரின் ஜப்பானிய வடிவம். தகாட்சுகியில் இருக்கும் பதினொரு முகக் கண்ணோன் தேசியப் பொக்கிஷம். 16ஆம் நூற்றாண்டில் போர்கள் இந்தப் பகுதியைச் சுட்டெரித்தபோது ஊர்க்காரர்கள் சிலையை மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள் என்று சொல்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் பல சிலைகளுக்கு இன்றைக்கும் நிரந்தரப் பூசாரி கிடையாது. ஊர் வீடுகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. சாவி வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே போன் செய்தால் வந்து திறந்து காட்டுவார். சைக்கிள் உடையோடு போகத் தயங்காதீர்கள், செருப்பு ஷூவை வாசலில் விட்டு உள்ளே போய் உட்காருங்கள். ஓட்டத்தில் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள்.

குளிர்காலத்தில் வந்தால் அதே பகுதியின் கரையில், பறவைகள் மையத்துக்கு அருகே, சைபீரியாவிலிருந்து வரும் அன்னங்களும் காட்டு வாத்துகளும் அறுவடை முடிந்த வயலில் மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மே மாதத்தில் அவை இருக்காது.

தகாட்சுகிக்கு அடுத்து கினோமோட்டோ. பழைய நெடுஞ்சாலையில் இருந்த தங்கல் ஊர், மர வீடுகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. இங்கே ரொட்டிக்குள் பொடியாக நறுக்கிய முள்ளங்கி ஊறுகாயை மயோனைஸில் பிசைந்து வைத்து விற்பார்கள். அசைவம் சாப்பிடாதவர்களுக்கு இந்த வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பண்டம் (முட்டை உண்டு). இரண்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு மகினோ வரை கடைகள் மிகவும் குறைவு. தண்ணீர் பாட்டிலையும் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கினோமோட்டோவிலிருந்து மேற்கே போக இரண்டு வழி. தேசிய நெடுஞ்சாலை 8 நேராக ஒரு சுரங்கத்துக்குள் போகும். துறைமுக நகரம் சுருகாவுக்குப் போகும் லாரிகள் எல்லாம் அதில்தான். போன முறை நீங்கள் பயந்த இடங்களில் இது கட்டாயம் ஒன்றாக இருந்திருக்கும். அதில் போகாதீர்கள். ஓட்டோ என்கிற கிராமத்துக்குள் திரும்பி, ஷிஸுகதாகே மலையின் பழைய சுரங்கப்பாதை வழியாகப் போங்கள். வளைந்து ஏறும் சின்ன ஏற்றம், மூச்சு வாங்கும் அளவுக்குக்கூட இல்லை. மேலே போனால் காட்டுக்கு நடுவே ஒரு கார் அகலத்துக்குப் பழைய சுரங்கம். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும். வெளியே வந்த உடனே கீழே ஏரி முழுசாக விரியும். இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான். எத்தனை முறை வந்தாலும் அங்கே இறங்கி நிற்காமல் போனதில்லை.

ஓட்டோ கிராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயருக்கு எழுத்துப்படி 'பெருஓசை' என்று பொருள். ஜப்பானிய நரம்பிசைக் கருவிகளுக்கான தந்திகளைச் செய்யும் பட்டு நூலை அந்தக் கிராமம் காலங்காலமாக எடுத்துவந்திருக்கிறது. ஏரிக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் ஒரு நரம்பிசைக் கருவிதான், பிவா. அந்த வாத்தியத்தின் வடிவில் ஏரி இருக்கிறது என்பார்கள். சுரங்கத்தைத் தாண்டி நின்று பார்த்தால் தெற்கே தண்ணீருக்கு நடுவில் சிக்குபு தீவு தெரியும். அங்கே இருக்கும் தெய்வம் பென்ஸைத்தென், நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய், கையில் வீணைக்குப் பதிலாகப் பிவாவோடு உட்கார்ந்திருக்கிறாள். இமாஸுவிலிருந்தும் நாகஹாமாவிலிருந்தும் படகு போகிறது. சைக்கிளைத் துறையில் பூட்டிவிட்டுப் போய் வாருங்கள். தீவில் செங்குத்தான படிக்கட்டுதான், சைக்கிளுக்கு வேலையே இல்லை.

ஷிஸுகதாகே மலைக்கு வடக்கே ஒளிந்திருக்கிறது யோகோ என்கிற குட்டி ஏரி. சுற்றளவு 6.4 கி.மீ.தான். மூன்று பக்கம் மலை, காற்று அடிக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வானுலகப் பெண்ணின் இறகு உடையை ஒருவன் ஒளித்துவைத்த கதை இந்த ஏரிக்குச் சொல்லப்படுகிறது. கரையைச் சுற்றி ஒரு சின்னச் சாலை, கிட்டத்தட்ட வாகனமே கிடையாது. குழந்தைகளோடு போவதற்கு இதைவிடப் பத்திரமான சுற்று இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. 1583ல், ஜப்பானின் பெரும்பகுதியைப் பிடித்த படைத்தலைவர் ஓடா நோபுநாகாவுக்குப் பின் யார் என்று தீர்மானித்த போர் இந்தக் கரையையும் மேலே இருக்கும் மலையையும் சுற்றித்தான் நடந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் கேட்பது தவளைச் சத்தம்.

பழைய சுரங்கத்திலிருந்து இறங்கினால் மீண்டும் நெடுஞ்சாலை 8ஐத் தொட்டு, ஷியோட்சு வரை கொஞ்ச தூரம் போக வேண்டும். இந்தக் கொஞ்ச தூரத்தைத் தவிர்க்க முடியாது. கரைப்பக்க ஓரத்தில் நிதானமாகப் போங்கள். ஷியோட்சுவுக்குப் பின் 303ஆம் எண் சாலையில் இன்னொரு சுரங்கம் வரும். பின்விளக்கைப் போட்டுக்கொண்டு நடைபாதை மேல் ஏறி மெதுவாகக் கடந்துவிடுங்கள். அதோடு லாரிகள் உங்களை விட்டுப் பிரிந்துவிடும். ஓவுரா விரிகுடாவுக்கு இறங்கியதும் சட்டென்று அமைதி இறங்கும்.

இங்கே எல்லாரும் நேரே மேற்கே போய்விடுகிறார்கள். நீங்கள் இடதுபக்கம் திரும்பி, விரிகுடாவின் கிழக்குக் கரையோடு சுமார் 5 கி.மீ. போங்கள். சாலை முடிகிற இடத்தில் சுகவுரா என்கிற கிராமம். தண்ணீரை ஒட்டியே போகிற சமதளச் சாலை, கையை நீட்டினால் ஏரியைத் தொடலாம் போல இருக்கும். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே நெருக்கி வைத்த வீடுகள், ஊரின் இரண்டு முனையிலும் ஓலை வேய்ந்த நான்குகால் வாசல். சாலை வருவதற்கு முன் படகுதான் இவர்களுக்கு வழி. இடைக்காலத்தில் ஊர்க்கூட்டமே சட்டம் போட்டு, எல்லைத் தகராறை நடத்தி, தன்னைத் தானே ஆண்ட கிராமம் இது. அந்த ஊரார் பாதுகாத்த ஆவணங்கள் 2018ல் தேசியப் பொக்கிஷமாயின. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்கள் இந்த ஊரில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள். ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். வந்த வழியே திரும்ப வேண்டும், அதனால்தான் கூட்டம் இல்லை.

சுகவுராவிலிருந்து மேலே மலைமேல் போகிற சுற்றுலாச் சாலை ஒன்று உண்டு, ஓக்கு பிவாகோ பார்க்வே. காட்சி அருமை, ஏற்றமும் பலமானது. ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மண்சரிவால் அடிக்கடி பகுதி பகுதியாக அடைபடும், சில பகுதி ஒருவழிப் பாதை. போவதாக இருந்தால் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகப் போங்கள், தம்பியோடு வேண்டாம்.

ஓவுராவுக்குத் திரும்பி மேற்கே போனால் கைஸு ஓசாகி. பாறை முனையைச் சுற்றி 4 கி.மீ.க்குச் சுமார் 800 செர்ரி மரங்கள். 1931ல் சாலைப் பணியாளர் ஒருவர் தன் கைக்காசில் கன்றுகள் நட்டு ஆரம்பித்து வைத்தது. ஏப்ரல் நடுவில் பூக்கும்போது அங்கே கார்கள் நகரவே நகராது. அதே சாலை மே மாதம் காலியாக இருக்கும், மரங்கள் தலைக்குமேல் பச்சைப் பந்தல் போட்டிருக்கும். பாறையைக் குடைந்த சின்னச் சின்னச் சுரங்கங்கள் வரும், சொரசொரப்பான சுவரோடு. பூவுக்காக வருகிறவர்கள் இந்தச் சாலையைப் பார்த்ததாகவே நான் நினைப்பதில்லை.

அப்புறம் மகினோ. ஊரிலிருந்து மலைப்பக்கமாக நாலைந்து கி.மீ. உள்ளே 2.4 கி.மீ. நீளத்துக்கு மெட்டாசெக்கோயா மரங்கள், இரண்டு பக்கமும் சுமார் 500. படங்களில் பார்த்திருப்பீர்கள். காலை எட்டரைக்குள் போனால் நிழலுக்கு நடுவே தனியாக ஓட்டலாம். பத்து மணிக்குமேல் போட்டோ எடுக்கிறவர்கள் நடுச்சாலையில் நிற்பார்கள். மத்தியானம் அங்கே போய்ச் சேர்வதாக இருந்தால் விட்டுவிடுங்கள், இழப்பு ஒன்றும் இல்லை. மகினோவிலிருந்து இமாஸு, அங்கிருந்து ஷின் ஆசாஹி வரைக்கும் கரைச்சாலை சமதளம், நாணல், பைன், நிறைய நிழல்.

ஷின் ஆசாஹியில் ஹாரியே கிராமத்தைத் தவறவிடாதீர்கள். மலையில் பெய்த மழை நிலத்தடியில் வந்து வீட்டுக்கு வீடு ஊற்றாகப் பொங்குகிறது. அதைத் தொட்டியில் பிடித்து, முதல் தொட்டித் தண்ணீரைக் குடிக்கவும், அடுத்ததைக் காய்கறி கழுவவும், கடைசித் தொட்டியைப் பாத்திரத்துக்கும் வைத்திருக்கிறார்கள். கடைசித் தொட்டியில் கெண்டை மீன்கள் இருக்கும், ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கைகளைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். தண்ணீர் அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஏரி. இவை எல்லாம் வீடுகளுக்குள்ளே இருப்பதால் ஊர்க்காரர் துணையோடு, முன்பதிவு செய்துதான் பார்க்க முடியும்.

இந்த ஏரியின் மனிதர்கள் தண்ணீரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இன்னொரு கதை. 1977ல் ஏரி செந்நிறமாக மாறியது. பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூள்தான் ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்ததும் வீட்டுப் பெண்கள் அதைக் கைவிட்டுப் பழைய சோப்புத்தூளுக்கு மாறும் இயக்கத்தை நடத்தினார்கள். 1980 ஜூலையில் பாஸ்பரஸ் சலவைத்தூளை மாகாணத்துக்குள் விற்கவும் பயன்படுத்தவும் தடை வந்தது. நீங்கள் குளித்த மாதிரி வேர்த்து ஏரியில் கால் நனைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது தவிர்க்க வேண்டிய துண்டு. ஓமி தகாஷிமாவுக்கும் கித்த கொமாட்சுவுக்கும் நடுவே மலை ஏரிக்குள் இறங்கி வந்து நிற்கிறது. மிஞ்சிய ஒடுக்கத்தில் நெடுஞ்சாலை 161 மட்டும்தான், ஓரமே இல்லை. ஷிராஹிகே ஆலயத்தின் சிவப்புத் தோரணம் தண்ணீருக்குள் நிற்கும் புகழ்பெற்ற இடம் இங்கேதான். அதைப் பார்த்து ஓட்டுநர்களின் கவனமும் திரும்பும், சிலர் சாலையைக் குறுக்கே ஓடிக் கடப்பார்கள். ஒருமுறை இங்கே ஒரு லாரியின் கண்ணாடி என் முழங்கையை உரசிப் போனது. அன்றிலிருந்து இந்தத் துண்டை நான் ரயிலில்தான் கடக்கிறேன். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். இறங்கி மறுபடி ஓட்ட ஆசைப்பட்டால், கித்த கொமாட்சுவிலிருந்து ஓமி மைக்கோ வெண்மணல் கரை வழியாகத் தெற்கே, ரயில் பாதைக்கும் தண்ணீருக்கும் இடையில் கிராமத்துச் சந்துகளாகவே கோத்துப் போகலாம். கல் சுவர், பைன் தோப்பு, சின்னப் படகுத்துறை. அதுவும் நல்ல 15 கி.மீ.

உங்களுக்கு ஏற்றம் பிடிக்கும் என்றால் தம்பி ஊருக்குப் போன பிறகு மேற்கு மலைக்குப் பின்னால் போங்கள். கத்தாத்தாவிலிருந்து கணவாய் ஏறி, ஹீரா மலைத்தொடரின் மறுபக்கம் குட்சுகி வரை ஆடோ ஆற்றோடு போகும் பள்ளத்தாக்கு. ஒபாமா துறைமுகத்திலிருந்து உப்பிட்ட கானாங்கெளுத்தியைத் தோளில் சுமந்து கியோட்டோவுக்குக் கொண்டுபோன பழைய 'கானாங்கெளுத்திப் பாதை' இதுதான். பெரிய சாலையில் வார இறுதியில் மோட்டார் சைக்கிள்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் பழைய சாலை பிரிந்து போய் மறுபடி சேரும், அந்தப் பிரிவுகளிலேயே ஓட்டுங்கள். குட்சுகியில் ஞாயிறு காலைச் சந்தை நடக்கும். அங்கிருந்து அடோகாவா ஸ்டேஷனுக்கு இறக்கம்தான். இந்த மலைகளில் கரடி உண்டு, கைப்பிடியில் ஒரு மணி கட்டிக்கொள்வது நல்லது.

கிழக்குக் கரையின் நீளமான கரைச்சாலை கார்காரர்களுக்குப் பிரியமான சாலை, அதில் சொல்ல அதிகமில்லை. ஒரு விதிவிலக்கு ஓமி ஹாச்சிமான். ஊரின் பழைய கால்வாயில் தொடங்கி, நிஷி ஏரி என்கிற உள்ஏரியைச் சுற்றி ஆசுச்சி வரை 'நாணல் குழல் சாலை' என்று பெயர் வைத்த சைக்கிள் பாதை, மொத்தம் 26 கி.மீ. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குமேல் நாணல். ஒரு காலத்தில் பிவாவைச் சுற்றி இப்படி நாற்பது உள்ஏரிகள் இருந்தன. பெரும்பாலானவற்றை நெல்லுக்காக வற்றவைத்துவிட்டார்கள், மிஞ்சியவற்றில் பெரியது இது. நோபுநாகா 1576ல் கட்டத் தொடங்கிய ஆசுச்சிக் கோட்டையும் அந்தக் காலத்தில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்ததாம். இன்றைக்கு கோட்டை மேட்டைச் சுற்றி வயல்.

சோமேய்ஜி கோயிலைத் தாண்டி வடக்கே மலையோரம் ஏறி இறங்கும் காட்டுச் சாலையும் நல்ல துண்டு. வழியில் ஹொரிகிரித் துறையிலிருந்து பத்து நிமிஷப் படகில் ஓக்கி தீவு. ஜப்பானில் நன்னீர் ஏரிக்குள் மக்கள் குடியிருக்கும் தீவு இது ஒன்றுதான். கார் கிடையாது, பாட்டிகள் மூன்று சக்கர சைக்கிளில் காய்கறிக் கூடையோடு போவார்கள். சைக்கிளுக்கே சொந்தமான ஒரு ஊரைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள். இந்தப் பக்கம் ஓடும் ஓமி ரயில்வேயில் குறிப்பிட்ட நேரங்களில் சைக்கிளைப் பையில் கட்டாமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். தம்பிக்கு அதுவே ஒரு அனுபவம்.

பாலத்துக்குத் தெற்கே சாலை விளக்கும் சிக்னலும்தான். நான் குடியிருக்கும் பகுதி என்பதற்காக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றைப் பற்றிக் கவனமாக இருங்கள். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று, அப்போது கிழக்குக் கரையில் வடக்கே போவது தண்டனை. மார்ச் கடைசியில் ஹீரா மலையிலிருந்து திடீரென்று இறங்கும் காற்றுக்கு 'ஹீரா ஒரோஷி' என்று தனிப் பெயரே உண்டு, கோசேய் லைன் ரயில்களையே நிறுத்திவிடும். திரும்புகிற ரயிலை அந்த லைனில் நம்பியிருந்தால், பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் கிழக்குப் பக்கம் முடிகிற மாதிரி திட்டத்தை மாற்றுங்கள். ஜூன் தொடங்கி ஜூலை நடு வரை மழை, ஆகஸ்டில் புழுக்கம் சென்னையைத் தோற்கடிக்கும். வடக்கே ஜனவரி, பிப்ரவரியில் பனி குவியும். ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் நீண்ட விடுமுறை, 161ஆம் சாலை முழுக்கக் கார். ஆகவே மே நடு என்பது நீங்கள் அறியாமலே பிடித்த நல்ல நாள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2023 ஏப்ரலிலிருந்து தலைக்கவசம் எல்லாருக்கும் வலியுறுத்தப்படுகிறது, போட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பரிலிருந்து சைக்கிளில் போனைக் கையில் பிடித்தால் தண்டனை கடுமை, வரைபடம் பார்க்க நின்று பாருங்கள். ஷிகாவில் சைக்கிள் காப்பீடு கட்டாயம். உங்களுடையது தம்பியையும் சேர்க்குமா என்று பாருங்கள், வாடகை சைக்கிளுக்குப் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்திருக்கும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பேசக் கூடாது, முன்னும் பின்னுமாகத்தான்.

தம்பிக்கு நான் போட்டுத் தரும் நாள் இது. முந்தின நாள் சாயங்காலமே மைபாராவில் அவனுக்கு சைக்கிளை எடுத்து, அடுத்த நாளும் சேர்த்து வாடகை பேசி, நாகஹாமாவில் தங்கிவிடுங்கள். காலை ஆறரைக்கு வயல்வெளி வழியாக வடக்கே. தகாட்சுகி, கினோமோட்டோவில் ரொட்டி, யோகோ ஏரியை ஒரு சுற்று, திரும்பி ஓட்டோ வழியாகப் பழைய சுரங்கம். பதினொன்றுக்கு ஓவுரா. கால் சோர்ந்திருந்தால் சுகவுராவை விட்டுவிடலாம், ஆனால் முடிந்தால் விடாதீர்கள். கைஸு ஓசாகி நிழலில் சாப்பாடு, மகினோ, இமாஸு. ஏறக்குறைய 70 கி.மீ., சுகவுரா சேர்த்தால் 80. நடுவே நாகஹாராவிலும் மகினோவிலும் ஸ்டேஷன் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். இமாஸுவில் சைக்கிள்களைப் பையில் போட்டு ஓமி ஷியோட்சு வழியாக மைபாராவுக்கு ரயில், வாடகை சைக்கிளைக் கொடுக்க வேண்டுமே. அந்தப் பக்கம் ரயில் மணிக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் காலையிலேயே குறித்துவையுங்கள். தம்பிக்கும் ஒரு ரின்கோ பை தேவைப்படும், வாடகைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.